நொடித்துப் போன குடும்பத்தின் இன்ஜின்

எங்கள் குடும்பத்தில் யாரும் பழைய சாமான் வாங்கியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன். நாற்காலி உடைந்தால் புது நாற்காலி. அது வந்து சேரும்வரை நின்றுகொண்டிருப்போம். என் தகப்பனார் ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெஞ்சு தருவதாகச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை.

ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் படகு எங்களுடையது. துறையில் வேறு படகுகளும் இருக்கின்றன. ஆனால் விடிந்ததும் முதலில் புறப்படுவது எங்கள் படகுதான். முதல் நடை என்று அதற்குப் பெயர். என் பாட்டனார் காலத்திலிருந்து அது எங்கள் கையில் இருக்கிறது. முதல் நடையில் கூட்டம் இருக்காது. வருகிற ஓரிருவரும் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். இரண்டாம் நடையில்தான் ஆட்கள் மொய்ப்பார்கள். அதனால் என்ன? வருமானத்தை வைத்து முதல் நடையை எடை போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

துறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் எல்லாப் படகுகளும் துறைமேடையில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அந்த வரிசைப்படிதான் அந்த மாதத்து நடைகள். எந்தப் படகும் தன் இன்ஜினில்தான் ஓடி வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் செல்லாது. வர முடியாத படகு வரிசையின் கடைசிக்குப் போய்விடும்; அதற்கு அடுத்த படகு அந்த இடத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு அடுத்த படகு என் மைத்துனனுடையது. என் மனைவியின் தம்பி. போன வருடம் தன் இன்ஜினுக்குக் கம்பெனி சாமானாகவே வாங்கிப் போட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் இன்ஜின் மூடியை யாருக்கும் திறந்து காட்டியதில்லை.

ஒரு மாதம், முதல் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் இன்ஜின் நடு ஆற்றில் கொதித்து, புகை விட்டு, நின்றுபோனது. எத்தனை முறை முயன்றும் திரும்பக் கிளம்பவில்லை. காலையே சரியில்லாமல் போயிருந்தது: படகின் பின்பக்கம் கட்டியிருந்த எங்கள் கொடியைக் காணவில்லை. நீல நிறக் கொடி. ஒடுக்கமாக, நீளமாக, தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தொங்கும். அவ்வளவு நீளம் வேண்டாம் என்று தைக்கும்போதே என் மனைவி சொன்னாள். குட்டைக் கொடி கட்டுகிற குடும்பமா நாம் என்று கேட்டேன். அந்தக் கொடியை யார் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. ஊகத்துக்குரிய ஆள்தான் கயிறு கட்டி எங்களை இழுத்துப் போக வந்தான்.

"அத்தான், கயிறு இறுக்கமா இருக்கா? இல்ல இன்னும் கொஞ்சம் மெதுவா போகட்டுமா?" என்று அவன் தன் படகின் பின்புறத்திலிருந்து கேட்டான். என் படகிலிருந்த பயணிகள் சிரித்தார்கள். என்னிடம் டிக்கெட் வாங்கியவர்கள்.

கரையில் இறங்கியதும் விட்டானா? பழைய இரும்புக் கடையில் இந்த மாதிரி இன்ஜினுக்குச் சாமான் சல்லிசாகக் கிடைக்கும், தான் போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"எங்க இன்ஜினுக்குக் கம்பெனியிலிருந்து புதுசுதான் வரும் தம்பி. பழசைத் தொட்டு எங்களுக்குப் பழக்கமில்லை."

துறையே கேட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

மறுநாள் காலை நகரத்துக் கம்பெனிக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர். தண்ணீர் பம்ப் வேண்டும் என்றேன். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டுச் சூட்டைத் தணிப்பது அதுதான். கொதித்தது என்றால் அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பது என் முடிவு. அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த மாடலுக்குத் தனியா பம்ப் வராது சார். செட்டாதான் எடுக்கணும்."

"செட்டுல என்னென்ன இருக்கும்?"

"இன்ஜின் சார்."

அவர் சொன்ன விலையை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டதும் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி, புது நாற்காலி. எடுத்த எடுப்பில் எழுந்து வந்தால் மரியாதையாக இருக்காது என்று, நீல நிறத்தில் இருக்கிறதா என்று விசாரித்தேன். சாம்பல் நிறம் மட்டும்தான் என்றார். எங்கள் குடும்பத்துக்கு நீலம்தான் வழக்கம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். விலைக்குப் பயந்து திரும்பினேன் என்று அவர் நினைக்க இடமில்லை.

வீட்டில் கம்பெனியோடு பேசிவிட்டு வந்ததாகச் சொன்னேன். பேசியது உண்மைதானே. ஆனால் இன்ஜினுக்கு என்ன கேடு என்பதில் வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. என் மகன் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். இன்ஜினைக் கையால் தொட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான் போய்விட்டது என்று சாதித்தான். மாப்பிள்ளை அடுத்த தெருவில் இருக்கிறார். படகில் டிக்கெட் கிழிப்பவர் அவர்தான். கிளம்பாத வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டார்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொன்னார். நான் பம்ப் என்றேன். கடைசியில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம். எழும்போது, யாரும் பழைய இரும்புக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று எச்சரித்தேன். இருவரும் மிகவும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

இனி நான் செய்ததை முறையாகப் புரிந்துகொள்ள வேண்டும். துறையில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், முதல் நடை ஒரு பக்கம். குடும்பத்தின் தலைவன் குடும்பத்துக்காகச் சில பாரங்களைத் தனியாகச் சுமக்கத்தான் வேண்டும். அன்று மதியம் படகுக்குப் போனேன். இன்ஜின் மூடியைப் பாதி தூக்கி, ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வால்வை அடைத்துவிட்டு, பம்பைக் கழற்றினேன். மாதிரி இல்லாமல் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது. சுற்றிக்கொள்ள என் மனைவியிடம் ஒரு பழைய துணி கேட்டேன்.

"உங்களுக்குமா?" என்றாள்.

அவள் எப்போதும் இப்படி ஏதாவது கேட்பாள். துணியை வாங்கிக்கொண்டு பம்பைச் சுற்றினேன்.

கண் சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குக் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று அலமாரியில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, சந்துகள் வழியாக நடந்தேன். இரும்புக் கடைத் தெருவின் முனையில் மாப்பிள்ளை குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ச் சந்திலிருந்து வந்தார். வண்டியை முழுக்கப் போர்வை மூடியிருந்தது. நிற்பதா நடப்பதா என்று இருவருக்குமே ஒரு கணம் புரியவில்லை.

"மாமா, கண்ணு என்னாச்சு?"

"வெயில். நீங்க எங்கே இந்தப் பக்கம்?"

"குழந்தை தூங்குது மாமா," என்றார். நான் கேட்டதற்கு அது பதில் அல்ல. ஆனாலும் தூங்குகிற பேத்தியை எழுப்ப எனக்கு மனமில்லை. வண்டியின் சக்கரங்கள் பாரத்தில் வளைந்திருந்தன. பிள்ளை நன்றாகச் சதை பிடித்திருக்கிறாள் என்று மகிழ்ச்சியோடு நகர்ந்தேன்.

பழைய இரும்புக் கடைக்காரரை ஊரில் துரு என்பார்கள். அவர் கடையில் எதுவும் துருப்பிடித்து இருப்பதில்லை. வருகிற சாமானை எல்லாம் துடைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, அலமாரியில் அடுக்கிவிடுவார். உள்ளே போனால் வெள்ளிப் பாத்திரக் கடைபோல் மின்னும். அவரையே கூட ஓரிடத்தில் பெயின்ட் தொட்டிருந்தது.

நண்பர் ஒருவருக்காக வந்திருப்பதாகச் சொன்னேன்.

"எல்லாரும் நண்பருக்காகத்தாங்க வராங்க. இந்த ஊர்ல நட்பு ரொம்ப ஜாஸ்தி," என்றார் துரு. "மாதிரியை வெச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சொல்றேன்."

சனிக்கிழமை போனபோது நல்ல சேதியும் கெட்ட சேதியும் சேர்ந்து வந்தன. பம்பை ஓட்டிப் பார்த்தாராம். அதில் ஒரு குறையும் இல்லையாம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நண்பருக்கு நல்ல நேரம், அதே மாடல் ஸ்டார்ட்டர் ஒன்று வந்திருக்கிறது, பம்பைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கையில் எடுத்துப் பார்த்தேன். பெயின்ட் இன்னும் ஈரம். ஆனால் சாமான் கன ஜோர். மாப்பிள்ளை சொன்ன சாமானாயிற்றே என்று ஒரு சங்கடம் இருந்தது. அவர் சொன்னது சரியாகப் போய்விடுமே. குடும்பத்துக்காக அதையும் விழுங்கினேன்.

இவ்வளவு நன்றாக வைத்திருந்த சாமானை யார் விற்றார்கள் என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறீங்க. ஏதோ பெரிய குடும்பம் போல. நொடிச்சுப் போச்சுன்னு நினைக்கிறேன். ஒரே இன்ஜினை ஆளுக்கு ஒண்ணாக் கழட்டி எடுத்துட்டு வராங்க. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர்."

எனக்கு மனது என்னவோ செய்தது. பரம்பரைச் சொத்தைப் பிய்த்துப் பிய்த்து விற்கிற பிள்ளைகள். அதைத் தடுக்க வக்கில்லாத ஒரு பெரிய மனிதர். அந்த வீட்டில் கண்டிப்பான ஆள் இல்லை என்று சொன்னேன். துரு தலையசைத்தார். சிரித்தது போலவும் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் கிரீஸ் அதிகம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குப் பரிதாபம் இருந்ததென்னவோ உண்மை. அதற்காக விலையைக் குறைத்துக் கேட்காமல் இருக்க முடியுமா? நொடித்தவன் சாமானுக்கு இதற்கு மேல் தர முடியாது என்று நின்று, அடித்துப் பேசி வாங்கினேன்.

ஞாயிறு மதியம் துறை வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினேன். பம்பைக் கழற்றும்போது மூடியைப் பாதிதான் தூக்கியிருந்தேன். இப்போது முழுவதும் தூக்கினேன்.

உள்ளே இன்ஜின் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. பம்ப் இருந்த இடம் காலி. அது நான் செய்தது. ஸ்டார்ட்டர் இருந்த இடமும் காலி. இன்ஜெக்டர்கள் இருந்த இடங்களில் ஓட்டைகள் என்னைப் பார்த்தன. யார் வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கொடியில் ஆரம்பித்து இன்ஜின் வரை வந்துவிட்டான் மைத்துனன். அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது: எது இல்லையோ, சரியாக அதுவே என் கையில் இருக்கிறது. நல்லவர்களுக்கு நல்லது தானாக வரும்.

ஸ்டார்ட்டரை வைத்தேன். இடம் பார்த்து உட்கார்ந்தது. எங்கள் இன்ஜினுக்கென்றே செய்தது போல் ஒவ்வொரு துளையும் பொருந்தியது. கடைசி போல்ட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி வெள்ளிப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டது. அடியில் நீலமாக ஒரு பொட்டு.

எங்கள் இன்ஜினின் ஒவ்வொரு உறுப்பிலும் நீலப் பொட்டு வைத்திருப்பவன் நான். மைத்துனன் எடுத்துவிட்டால் அடையாளம் காட்ட வேண்டும் என்று நானே தூரிகை பிடித்து வைத்தவை.

குனிந்து பெயின்ட்டை இன்னும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டிருந்தேன். படகு லேசாக ஆடியது. மகன் அலுவலகப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தான். வெள்ளிக்கிழமை முதல் அவன் சட்டைப் பையில் பெரிய கறை ஒன்று இருந்தது. பேனா ஒழுகியது என்று சொல்லியிருந்தான். டீசல் வாசனை அடிக்கும் பேனா.

கை நீட்டினேன். தந்தான். வெள்ளியாக மின்னும் பம்ப். நகத்தால் சுரண்டினேன். நீலம்.

"அப்பா, ஒரு நண்பருக்காகத்தான்..." என்று ஆரம்பித்தான். என் கையிலிருந்த வெள்ளிப் பெயின்ட் கறையைப் பார்த்தான். இன்ஜினில் இருந்த ஸ்டார்ட்டரைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

துறையின் பலகைகள் மேல் வளைந்த சக்கரங்கள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வண்டியைப் படகின் ஓரம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். திரும்பிப் போக வழியில்லை.

"குழந்தை தூங்குது மாமா," என்றார்.

போர்வையை விலக்கினேன். எங்கள் இன்ஜெக்டர்கள் வரிசையாக, குளிப்பாட்டிப் பவுடர் போட்டது போல் பளபளவென்று படுத்திருந்தன.

மூன்று பேரும் பலகையில் உட்கார்ந்தோம். மெதுவாகக் கதை வெளியே வந்தது. மூவருக்கும் துரு ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்: உங்கள் சாமானில் குறை இல்லை, கோளாறு வேறெங்கோ, இதோ அதே மாடலில் இன்னொன்று. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதுதான் அதில் மோசம். மாப்பிள்ளை கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏதோ ஒரு குடும்பம் நொடிச்சுப் போச்சுன்னு சொன்னாரு மாமா. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. நான் பேரம்கூட பேசல."

"நானும் பேசலப்பா," என்றான் மகன். "பாவம்னு விட்டுட்டேன்."

"நான் பேசினேன்," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடித்துப் பேசி நான் இறக்கிய விலை எங்கள் சொந்த மாப்பிள்ளை கழற்றிக் கொடுத்த ஸ்டார்ட்டருக்கு என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் குடும்பத்தில் ஒருவராவது தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். எழுந்து நின்றேன்.

"நல்லா கேட்டுக்குங்க. இங்க யாரும் பழைய சாமான் வாங்கல. நம்ம சாமானை நாமளே திரும்ப எடுத்துட்டு வந்திருக்கோம். அதுக்குப் பேரு வாங்கறது இல்ல. இந்தப் பேச்சு இந்தப் படகை விட்டு இறங்கக் கூடாது."

அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்குத் தலைவன் எதற்கு என்று அன்று புரிந்திருக்கும்.

ஆனால் பம்ப் நல்லது, ஸ்டார்ட்டர் நல்லது, இன்ஜெக்டர் நல்லது என்றால் இன்ஜின் ஏன் நின்றது? இதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. விடிந்தால் திங்கட்கிழமை. மாப்பிள்ளை இன்ஜெக்டர்களைப் பூட்டத் தொடங்கினார். பம்பைப் பொருத்துமுன் குழாயைக் கொஞ்சம் அலசிவிடலாம் என்று மகன் நான் அடைத்த வால்வைத் திறந்தான். திறந்தவன் சட்டென்று விலகிக்கொண்டான்; ஆற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும்.

ஒரு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

குனிந்து குழாய்க்குள் பார்த்தேன். ஏதோ ஒன்றின் முனை தெரிந்தது. விரலை விட்டுப் பிடித்து இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. நீலமாக, ஒடுக்கமாக, நீளமாக. கடைசி முனை வெளியே வந்ததும் தண்ணீர் பாய்ந்து மூன்று பேரையும் நனைத்தது. மகன் தட்டுத்தடுமாறி வால்வை அடைத்தான்.

புதன்கிழமை மாலை படகைப் பின்னுக்கு எடுத்தபோது கொடி அடியில் போய்க் குழாய்க்குள் இழுபட்டிருக்க வேண்டும். குழாய் வாயில் இருக்க வேண்டிய சல்லடை முன்பே உடைந்துபோனது. கம்பெனியிலிருந்து புதியது வரட்டும் என்று காத்திருந்தோம். அது வரவே இல்லை.

கையில் சொட்டும் கொடியோடு நின்றேன். மகனும் மாப்பிள்ளையும் ஆற்றின் அந்தக் கரையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடியின் நீளத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

பம்பைப் பொருத்தினோம். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். ஒரு உறுமல், ஒரு இருமல், பிறகு தாளம் தப்பாமல் ஓடியது. சூடு ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் என் மனைவி எங்கள் மூவரின் ஈர உடைகளையும் பார்த்தாள்.

"பழைய துணி இன்னும் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. வேற எதையாவது கழட்டப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றாள்.

கொடியை அவளிடம் நீட்டினேன். பாதியாக வெட்டித் தைக்கச் சொன்னேன். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

திங்கட்கிழமை காலை துறை நிறைந்திருந்தது. மைத்துனன் தோளில் கயிற்றுச் சுருளோடு, எங்களுக்கு உதவி செய்ய முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தான். நாங்கள் எங்கள் இன்ஜினில் ஓடிவந்து, மேடையின் முதல் இடத்தில் நின்றோம். மூடியை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். வெயில் பட்டு இன்ஜின் ஜொலித்தது. சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்து, கம்பெனி சாமான் என்றால் கம்பெனி சாமான்தான் என்றார்கள்.

மைத்துனனும் எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த பல் மெல்ல உள்ளே போனது. அந்த வெள்ளி நிறத்தை அவனுக்குத் தெரியும். எங்கோ பார்த்த முகத்தை அடையாளம் கண்டவன்போல் பார்த்தான். உடனே அவன் கண் தன் படகின் மூடிக்குப் போனது. எதற்கு அங்கே போகிறது என்று நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான். போன வருடம் முழுவதும் அந்த மூடி ஏன் திறக்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

"கம்பெனி சாமானா அத்தான்?" என்றான், மிகவும் மெதுவாக.

"கம்பெனி சாமான்தான் தம்பி. உங்களோடது எப்படியோ, இதுவும் அப்படியே."

அவன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். அதை ஒழுங்காகச் சுற்ற அவனுக்கு நிறைய நேரம் பிடித்தது. பிறகு துறைக்கே கேட்கும்படி, முதல் நடை கிளம்பட்டும், அத்தான் படகுக்கு வழி விடுங்கள் என்று சத்தம் போட்டான். என்ன இருந்தாலும் சம்பந்தம் செய்த குடும்பம். அவன் கொடியைத் திருடுகிற ஆள் இல்லை என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன்.

தூங்கி வழியும் பயணிகள் ஓரிருவர் ஏறினார்கள். குட்டைக் கொடி காற்றில் நன்றாகவே பறந்தது. நடு ஆற்றுக்கு வந்தபோது இன்ஜின் சூட்டில் வெள்ளிப் பெயின்ட் சுருண்டு உரிய ஆரம்பித்தது. அடியிலிருந்து ஒவ்வொன்றாக நீலப் பொட்டுகள் எட்டிப் பார்த்தன. எங்களுக்குப் பின்னால் மைத்துனனின் படகு வந்துகொண்டிருந்தது. அதில் கூட்டம் நிறைய.

மூடியைச் சாத்தினேன்.

"மாப்பிள்ளை, அது மேல உக்காருங்க."

"சுடும் மாமா."

"சுடத்தான் செய்யும்," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அந்தக் கரை வரும்வரை அசையவில்லை. பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன்.